காலை நம்பிக் கடல் தாண்டியவர்கள்

ஒரு ஃபார்வர்டு எத்தனை ஊரில் ஆடியிருக்கிறான் என்பதை அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். வெளிப்பக்க எலும்புக்குக் கீழே மெத்தென்று ஒரு வீக்கம் எப்போதும் இருக்கும். அழுத்தினால் வலிக்காது. ஆனால் பாதத்தை உள்பக்கம் திருப்பினால் வளைய வேண்டியதைவிடக் கூடுதலாக வளையும். பலமுறை சுளுக்கி, முழுதாக ஆறுவதற்குள் மறுபடி களத்தில் இறங்கிய கால் அது. தொடையின் பின்பக்கம் விரலை ஓட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தசை கட்டிதட்டி நிற்கும். பழைய கிழிசல் ஆறிய தழும்பு. கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும், அல்லது பாதிதான் இருக்கும். யார் எத்தனை கோல் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கணக்கு எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கைக்கு மட்டும் தெரியும்.

கால்பந்து அணிகளுக்கு மசாஜ் செய்வதும் டேப் கட்டுவதும் என் பிழைப்பு. பிறந்தது வியாசர்பாடி. அங்கே பையன்களுக்கு நடை வருவதற்கு முன்பே பந்து வந்துவிடும். எனக்கும் வந்தது. சோறு போடும் அளவுக்கு வரவில்லை. பிசியோதெரபி டிப்ளமா படித்து, கொல்கத்தா மைதானத்தில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்து, அங்கிருந்து ஐ-லீக் அணிகள் சிலவற்றுக்குப் போனேன். மனைவியின் ஊர் ஹைதராபாத் என்பதால் கடைசியில் உப்பலில் வந்து உட்கார்ந்தேன். ராமந்தாபூர் பக்கம் போகும் சாலையில் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு ஐஸ் பெட்டி. இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் இரவு விளக்கில் டர்ஃப் ஆடிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு வரும் ஐ.டி. பிள்ளைகள். மீதிப் பேர் இடுப்பு வலிக்கார ஆட்டோக்காரர்கள்.

உப்பலில் கரீபியன் ஆட்டக்காரர் என்று சொன்னால் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஸ்டேடியம் அப்படி. 2018 அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் இங்கே டெஸ்ட் ஆடியபோது ராஸ்டன் சேஸ் சதம் அடித்தார், ஜேசன் ஹோல்டர் 5 விக்கெட் எடுத்தார். ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. 2023-இல் பிரையன் லாரா சன்ரைசர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இதே மைதானத்தில் நின்றார். அவர்களை இந்த ஊர் கொண்டாடியது, சரிதான். ஆனால் அதே தீவுகளிலிருந்து கால்பந்து ஆட வந்தவர்கள் இந்தியாவில் பத்துப் பதினைந்து வருடமாக கோல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கார்னெல் க்ளென் என்று ஒருவர். டிரினிடாட் டொபாகோக்காரர். 2006 உலகக் கோப்பைக்கு அந்த நாடு தகுதி பெற்றபோது, அதுவரை அங்கே வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் மிகச் சிறியது அதுதான். டோர்ட்மண்டில் சுவீடனுக்கு எதிரான முதல் ஆட்டம். இடைவேளை முடிந்து வந்ததுமே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேராகிவிட்டார்கள். பத்துப் பேராக இருக்கும்போது எந்தப் பயிற்சியாளரும் தடுப்பாளரைத்தான் இறக்குவார். லியோ பீன்ஹாக்கர் ஃபார்வர்டான க்ளென்னை இறக்கினார். வந்த சற்று நேரத்தில் அவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் 0-0. ஒரு சாண் கீழே போயிருந்தால் அது ஒரு நாட்டின் சரித்திரம். அந்தக் கால்கள் அமெரிக்காவின் எம்.எல்.எஸ். கிளப்புகள் பலவற்றைச் சுற்றிவிட்டு, முப்பதைத் தாண்டிய வயதில், 2013-இல் ஷில்லாங் லஜோங்குக்கு வந்தன. மேகாலயாவில் செயற்கைப் புல்லில் கோல் மேல் கோல் போட்டார். பிறகு நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்காகவும் ஆடினார்.

செயற்கைப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஷில்லாங், ஐஸ்வால் மைதானங்கள் அப்போது செயற்கைப் புல். கொல்கத்தா சால்ட் லேக்கும் சில வருடம் அப்படித்தான் இருந்தது. இயற்கைப் புல்லில் பூட்ஸின் ஸ்டட் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல்தான் மூட்டைக் காப்பாற்றுகிறது. செயற்கைப் புல் பிடித்தால் விடாது. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போகிறது. ஒரு சனிக்கிழமை ஐஸ்வாலில் ஆடிவிட்டு, லெங்புய் விமான நிலையத்துக்கு மலைப்பாதையில் உடம்பு குலுங்க இறங்கி, நாலாவது நாள் கோயம்புத்தூரின் காய்ந்த தரையில் ஆடும் ஒரு முப்பது வயதுக்காரனின் கெண்டைக்கால் எப்படி இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் மாதிரி என்று சொன்னால் போதாது.

என் மேஜையில் படுத்தவர்களில் ஒரு டிரினிடாட் ஃபார்வர்டு இருந்தான். பெயர் வேண்டாம்; பெரிய பெயரும் இல்லை. ஒரு பருவம் முழுக்க அவன் கால்கள் என் பொறுப்பில் இருந்தன. வங்காளப் பையன்களைப் பார்த்து அவனும் என்னைத் ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவான். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்து மேஜை விளிம்பில் உட்கார்ந்து, வலது காலை நீட்டிப் பாதத்தை நேராக நிமிர்த்தி வைத்துக்கொள்வான். சொல்லவே வேண்டியதில்லை. முதலில் பசை ஸ்ப்ரே. குதிகாலிலும் முன்பக்க மடிப்பிலும் வாசலின் தடவிய சின்னப் பஞ்சு. இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் கொப்புளம் வந்துவிடும். மேலே மெல்லிய நுரைத் துணி. பிறகு 38 மி.மீ. வெள்ளை டேப்பில் கணுக்காலுக்கு மேலே இரண்டு சுற்று, அதுதான் அஸ்திவாரம். அதிலிருந்து உள்பக்கமாக இறக்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கமாக இழுத்து மேலே ஏற்ற வேண்டும். இந்த இழுப்பில்தான் வேலையே இருக்கிறது. பாதம் உள்ளே மடங்கப் பார்க்கும்போது டேப் அதை வெளியே பிடித்து நிறுத்த வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி மூன்று பட்டைகள், அதன்மேல் குதிகாலைப் பூட்டும் சுற்று, கடைசியில் மூடும் பட்டைகள். முடிந்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்ப்பேன். வெளுத்த நகம் உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. மெதுவாகச் சிவந்தால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து.

கட்டும் நேரத்தில் அவன் பேசுவான். ஊரில் அவன் வீட்டுத் தெருவில் பாதிப் பேர் இந்திய வம்சாவளி. 1845-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். கல்கத்தாவிலிருந்து போனவர்கள் அதிகம், மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு. அதனால் இங்கே சோற்றுக்கு அவன் கஷ்டப்படவில்லை. கொல்கத்தாவில் சோலே பட்டூரே தட்டைப் பார்த்ததும், எங்கள் ஊரில் இதைச் சின்னதாகச் செய்து காலை ஐந்து மணிக்கே தெருவில் விற்பார்கள் என்றான். நான்கு சாப்பிட்டான். பயிற்சியாளர் என்னைத்தான் திட்டினார்.

ஏன் வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். தங்கை படிக்கிறாள், வீடு பாதி கட்டி நிற்கிறது என்றான். துபாய்க்குப் போகிற நம் ஊர் வெல்டரும் இதைத்தான் சொல்வார். வெல்டருக்கு இரண்டு வருட ஒப்பந்தமாவது கிடைக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பருவம், எட்டிலிருந்து பத்து மாதம். அதற்குள் எத்தனை கோல் என்பதே அடுத்த ஒப்பந்தம். சொந்த ஊர் லீக்கில் வருமானம் சொற்பம். டிரினிடாடின் புரோ லீக் 2020-இல் கொரோனாவோடு நின்றுபோனது. புதிய லீக் 2023-இல்தான் தொடங்கியது. அந்த மூன்று வருடம் அங்கேயே இருந்தவனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆட்டக்காரனுக்கு மூன்று வருடம் என்பது வேலைக் காலத்தில் கால்வாசி.

இங்கே இடமும் குறைந்துகொண்டே வந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) 2014-இல் தொடங்கியபோது ஒரே சமயத்தில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம். 2017-இல் ஐந்து, 2021-இல் நான்கு. அந்த நாலுக்கு ஸ்பெயின்காரர், பிரேசில்காரர், நைஜீரியர், ஆஸ்திரேலியர் என்று எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். இந்திய ஃபார்வர்டுகளின் இடத்தை இவர்கள் பறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பெரும்பாலான கிளப்புகள் வெளிநாட்டவரை சென்டர் ஃபார்வர்டாகத்தான் வைக்கின்றன. நம் பையன்களை விங்குக்குத் தள்ளுகின்றன. ஆனால் அது கிளப் செய்யும் தேர்வு. வேலைக்கு வந்தவன்மேல் அதைப் போடக்கூடாது. கோலுக்கு முதுகு காட்டி நின்று, தடுப்பாளரை முழங்கையால் இடிக்காமல் இடுப்பால் மட்டும் தள்ளி வைத்துக்கொண்டு பந்தை வாங்கும் வித்தையை எங்கள் அணிப் பையன்கள் அந்த டிரினிடாட்காரனிடம்தான் கற்றார்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு இரண்டு பேரை நிறுத்திச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்கு அதற்குக் காசு கிடையாது.

கரீபியனிலிருந்து வந்தவர்களில் கால்பந்து ரசிகர்கள் எல்லோரும் அறிந்தவர் சோனி நோர்டே. ஹைட்டிக்காரர், போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர். வங்கதேசத்தில் ஷேக் ரஸல், ஷேக் ஜமால் அணிகளில் ஆடி, 2014-இல் மோகன் பகானுக்கு வந்தார். 2015 மே 31, பெங்களூரு கண்டீரவா. ஐ-லீக் பட்டத்துக்கு மோகன் பகானுக்கு டிரா போதும், ஆனால் 0-1 என்று பின்தங்கி ஆட்டம் முடியப்போகிறது. நோர்டே அடித்த கார்னரை பெல்லோ ரசாக் தலையால் உள்ளே தள்ளினார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு மோகன் பகானுக்குத் தேசியப் பட்டம். அந்த கார்னரை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், அவருடைய ஊன்றிய காலுக்காக. அடிக்கும் காலை எல்லோரும் பார்ப்பார்கள். ஊன்றிய காலின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் அந்தப் பந்தின் வளைவு இருக்கிறது. பின்னால் 2017-18 பருவத்தின் நடுவே முழங்கால் காயத்தால்தான் அவர் விலகினார். அடுத்த பருவம் திரும்பி வந்தார், கொல்கத்தா அவரை மறக்கவில்லை. அப்புறம் அஜர்பைஜான், மலேசியா.

டிரினிடாட்காரரான வில்லிஸ் பிளாசாவின் கதை வேறு. ஈஸ்ட் பெங்காலில் அவர் கோல் தவறவிட்டபோதெல்லாம் காலரி அவரை வறுத்தெடுத்தது. 2018-19-இல் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்குப் போய் அதே மனிதர் 21 கோல் போட்டார். அந்த வருட ஐ-லீக்கில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டியின் பெட்ரோ மன்சியும் 21. இருவரும் சேர்ந்து முதலிடம். சென்னை சிட்டி பட்டம் வென்றதால் மன்சி பெயர் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். பிளாசாவைக் கேட்டால் யோசிப்பார்கள்.

மார்கஸ் ஜோசப்பும் டிரினிடாட்காரர்தான். கோகுலம் கேரளாவின் கேப்டனாக 2019 டூரண்ட் கோப்பையில் 11 கோல். இறுதி ஆட்டத்தில் சால்ட் லேக்கில் மோகன் பகானை 2-1 என்று வென்றபோது இரண்டும் அவருடையவை. 1997-இல் எஃப்.சி. கொச்சின் வென்ற பிறகு கேரளத்துக்கு அதுதான் முதல் டூரண்ட். பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போய் 2021-22 ஐ-லீக்கில் 15 கோலோடு முதலிடம் பிடித்தார். பட்டம் கோகுலத்துக்கே போனது. அதுவும் கடைசி நாளில், முகமதனையே தோற்கடித்து. தான் உயர்த்திவிட்ட கிளப் தன் கண் முன்னால் கோப்பையைத் தூக்குவதை எதிரணிச் சட்டையில் நின்று பார்ப்பதும் இந்தத் தொழிலில் அடக்கம்.

ஹைதராபாத்துக்கும் ஒருவர் வந்தார். ஜைல்ஸ் பார்ன்ஸ். லண்டனில் பிறந்து ஜமைக்காவுக்கு ஆடியவர். 2007-இல் வெம்ப்ளியில் டெர்பி கவுன்டியை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிய அந்த ஒரே கோலுக்குப் பந்தைக் கொடுத்தது அவர்தான். 2015 கோல்ட் கப் அரையிறுதியில் அமெரிக்காவை அவர்கள் மண்ணிலேயே ஜமைக்கா 2-1 என்று தோற்கடித்தபோது ஒரு கோல் அவருடைய ஃப்ரீ கிக். 2019-இல் புதிதாகப் பிறந்த ஹைதராபாத் எஃப்.சி. அவரை எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பலில் மெட்ரோ ஏறி, நீலத் தடத்தின் கடைசி வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் கச்சிபௌலி. நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஆனால் அவர் ஆடியது மிகக் கொஞ்சம். பருவத்தின் பாதியிலேயே போய்விட்டார். அணி 18 ஆட்டத்தில் 10 புள்ளியோடு கடைசி இடம். காலரியில் என் பக்கத்தில் இருந்தவர், காசுக்காக வந்த கிழவன் என்றார். அவருக்கு அப்போது 31 வயது. பதினேழு வயதிலிருந்து இங்கிலாந்துக் குளிரிலும் ஹூஸ்டன் வெயிலிலும் மெக்சிகோவிலும் ஓடிய கால்கள் அவை. காசுக்காக வந்தவர்தான், நானும் காசுக்காகத்தான் டேப் கட்டுகிறேன்.

அந்த ஹைதராபாத் எஃப்.சி. இரண்டே வருடத்தில், 2022 மார்ச்சில், ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. இப்போது அந்த அணியே இந்த ஊரில் இல்லை. 2025-இல் டெல்லிக்குப் போய்ப் பெயரும் மாறிவிட்டது. 1950 முதல் 54 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்ற ஹைதராபாத் சிட்டி போலீஸின் ஊர் இது, பயிற்சியாளர் ரஹீம் சாபின் ஊர். அந்தக் காலத்து இந்திய ஆட்டக்காரர்கள் பீட்டர் தங்கராஜும் துளசிதாஸ் பலராமும் இந்த இரட்டை நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களும் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போய்த்தான் பேர் வாங்கினார்கள். பலராம் செகந்திராபாத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் போனதை நாம் புலம்பெயர்வு என்று சொல்வதில்லை, பெருமையாகத்தான் சொல்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி உப்பல் ஸ்டேடியத்துக்கு வந்து சற்று நேரம் பந்தைத் தொட்டுவிட்டுப் போனார். எங்கள் தெரு முழுக்க நீல வெள்ளைச் சட்டை. அடுத்த வாரம் என் அறைக்கு வந்த பிள்ளைகளிடம் சொன்னேன்: 2016-இல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் மஞ்சள் சட்டையில் ஆடிய டக்கன்ஸ் நாசோன்தான் ஹைட்டிக்கு இதுவரை அதிக கோல் போட்டவர், 1974-க்குப் பிறகு அந்த நாடு இப்போதுதான் உலகக் கோப்பைக்குப் போகிறது. ஹைட்டியில் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தம் ஓயாததால் தகுதிச் சுற்றின் ‘சொந்த மைதான’ ஆட்டங்களைக்கூட குராசோ தீவில் ஆடித்தான் தகுதி பெற்றார்கள். பிள்ளைகள் போனை எடுத்து நாசோன் யார் என்று தேடினார்கள்.

என் டிரினிடாட்காரனுக்கு ஜனவரியில் தொடைப் பின்தசை கிழிந்தது. அதே காலில் இரண்டாவது முறை. வெளியே யாருக்கும் தெரியாமல் இரண்டு ஆட்டம் ஆடினான். ஸ்ப்ரிண்ட் எடுக்கும்போது கடைசி இரண்டு எட்டைச் சுருக்குவான். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஏன் மறைத்தாய் என்று கேட்கத் தேவையில்லை. நீண்ட நாள் காயம் என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி அந்தக் காகிதத்தில் இருந்தது. கிளப்போ இரண்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை. அப்படியானால் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பார்த்துவிட்டு விலகலாம் என்பது ஃபிஃபா விதி. விதி இருக்கிறது. விலகினால் ஹோட்டல் அறையைக் காலி செய்ய வேண்டும், விசா அந்தக் கிளப்பின் பெயரில் இருக்கிறது, பருவத்தின் நடுவில் வேறு கிளப்பில் இடமும் இருக்காது. பயிற்சியாளர் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை ஆடுவானா என்று கேட்டார். ஆட மாட்டான், மூன்று வாரம் என்றேன். சத்தம் போட்டார். நான் மாற்றிச் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரமும் தினம் காலையில் அவனை மண்டியிட வைத்து, கணுக்கால்களை நான் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாயச் சொல்வேன். நார்டிக் என்பார்கள். முறையாகச் செய்துவந்தால் பின்தசைக் கிழிசல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. செலவே இல்லாத பயிற்சி. ஆனால் எந்தக் கிளப்பிலும் வெளிநாட்டு ஆட்டக்காரரின் பழைய கிழிசல் எங்கே, எப்போது, எத்தனை வாரம் என்று எழுதிய காகிதம் ஒன்று அவரோடு வந்து நான் பார்த்ததில்லை. சேரும்போது நடக்கும் மெடிக்கல் பரிசோதனை இன்றைக்கு நடக்கிறானா, ஓடுகிறானா என்று பார்க்கும், அவ்வளவுதான். ஐந்து நாட்டில் ஆடிய ஒரு கால் ஒவ்வொரு முறையும் புதுக் காலாகவே பதிவாகிறது. புதுக் கால் என்று நினைத்தே அதை ஓட்டுகிறார்கள்.

அதனால் அந்தப் பருவத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். என்னிடமிருந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஆங்கிலத்தில், கையெழுத்தில், ஒரே ஒரு தாள். எந்தக் கால், எந்தத் தசை, எலும்பிலிருந்து எத்தனை விரல்கடை கீழே, முதல் காயம் எப்போது, எத்தனை வாரத்தில் ஓடினான், டேப் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எது ஒத்துக்கொள்ளாது. ஒரு ஜெராக்ஸ்: தாள் அவனுக்கு, ஜெராக்ஸ் எனக்கு. உப்பல் அறையில் ஒரு தகரப் பெட்டி நிறைய அந்தத் தாள்கள் இருக்கின்றன.

அவன் போய் இரண்டு பருவம் கழித்து, தென்கிழக்கு ஆசியாவில் ஒரு கிளப்பின் பிசியோ வாட்ஸ்அப்பில் அந்தத் தாளின் படத்தை அனுப்பி, இரண்டாவது கிழிசல் பழைய தழும்புக்கு மேலேயா கீழேயா என்று கேட்டார். முன்பின் தெரியாதவர். பெட்டியைத் திறந்து என் குறிப்பை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, மேலே, இரண்டு விரல்கடை, உள்பக்கம் என்று எழுதினேன். அப்படியானால் இந்த வாரம் இறக்கப்போவதில்லை என்று பதில் வந்தது.